புட்டுமா மேற்றனும் எங்கள் வீட்டு யந்திரத்தின் மூச்சும்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் தமிழர் வீடுகளில் ஓடிய வாக்யூம் கிளீனர்களுள், புட்டுமா மேற்றன் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்காதது ஒன்றுகூட இருந்ததில்லை என்று நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். நோயாளியைப் பார்ப்பது போலவே யந்திரத்தையும் பார்ப்பார். முதலில் முதுகு, பிறகு நெஞ்சு, கடைசியாகத் தொண்டை. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, “ம், மூச்சை இழு” என்று உத்தரவிட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். அது இழுக்கும். அந்தக் குரலுக்குப் பக்கத்தில் நின்ற நானும் ஒருமுறை என்னையறியாமல் இழுத்திருக்கிறேன்.

இலங்கையில் ஓர் ஆசுபத்திரியில் தாதியருக்கெல்லாம் தலைவியாக, மேற்றனாக, இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தம்மைக் கண்டால் டொக்டர்மாரே சப்பாத்தைத் துடைத்துக்கொண்டுதான் வாட்டுக்குள் வருவார்கள் என்று சொல்வார். சொன்னவர் அவரே என்பதால் சற்றுத் தள்ளுபடி செய்து நம்பலாம். அடக்கம் அவருடைய குணங்களில் சேர்ந்ததன்று. நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, சடை அடர்ந்த ‘கொலி’ இன நாய் ஒன்றோடும், இரண்டு பூனைகளோடும், அதிகம் பேசாத கணவரோடும் வாழ்ந்தார். அந்த வீட்டில் உரோமம் உதிர்க்காதவர் கணவர் மட்டுமே. அவர் தலையில் உதிர்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

‘புட்டுமா’ என்ற பட்டம் அவருடைய கைப்பையால் வந்தது. வறுத்த அரிசிமா வந்த பிளாஸ்ரிக் பை ஒன்று எப்போதும் அதற்குள் இருக்கும். பையின் வெளியே குழல்புட்டின் படம். உள்ளே நாயினதும் பூனைகளினதும் உரோமம். கடைக்காரர்கள் தரையில் தூவி உறிஞ்சிக் காட்டும் தூளை அவர் ஒருபோதும் நம்பியதில்லை. “அவன் கொட்டிக் காட்டுறதை நான் வாயால ஊதினாலே போயிடும். வீட்டு ஊத்தையைக் கொண்டுபோய்க் கொட்டினால்தான் மெஷினுக்கு வேர்க்கும்” என்பார்.

துங்காபியில் புதுமனை புகுந்த ஒரு குடிபூரல் வீட்டில், குசினிக்குள் மறதியாக வைத்துவிட்ட அந்தப் பையை யாரோ ஒரு பெண்மணி எடுத்து, தேங்காய்ப்பூவும் சுடுநீரும் தயாராக வைத்துக்கொண்டு திறந்துவிட்டார். ஹோலிலிருந்து மேற்றனின் குரல் கேட்டது: “அவிக்காதேங்கோ! அது என்ர பூனை!” அன்று அந்த வீட்டில் புட்டுச் சாப்பிட எவருக்கும் மனம் வரவில்லை. இடியப்பம் முதலில் தீர்ந்தது.

எனக்கும் அவருக்கும் அறிமுகம் ஏற்பட்டது மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில். நான் அப்போது மூத்தோர் சங்கம் ஒன்றின் தலைவன். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் உப அதிபராக இருந்தவன் என்பதால் சிட்னியிலும் என்னை ‘சேர்’ என்றே அழைப்பார்கள். பூசை முடிந்து, சங்கத்தார் நால்வர் சூழ நின்று, தேவாரப் போட்டியை எவ்வாறு நடத்துவது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சால்வையில் எதையோ பற்றி இழுத்தது. திரும்பினேன். உயரமான ஒரு பெண்மணி, ஒற்றை இழையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லாப்ரடோர்” என்று மண்டபத்துக்கே கேட்க அறிவித்தார். “மஞ்சள். நல்லாச் சாப்பிடுற நாய். மாஸ்டர், உங்கட வீட்டு வாக்யூம் செத்துப்போச்சு. உங்களுக்குத்தான் இன்னும் தெரியாது.”

என் வீட்டில் நாய் இருப்பதை நான் சங்கத்தாருக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டிய அவசியம் நேரவில்லை. அவரோ அதைச் சொன்னதோடு நில்லாமல், அது உண்ணும் அளவையும் சொல்லிவிட்டார். போதாததற்கு, ‘சேர்’ என்ற படியிலிருந்து என்னை ‘மாஸ்டர்’ என்ற படிக்கு இறக்கியும் விட்டார். கடைசிவரை அங்கிருந்து என்னை ஏற்றவே இல்லை.

ஆனால் அவர் சொன்னது சரி. வாக்யூம் செத்துத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அப்போது அது சிறிய சங்கதியுமன்று.

கோல்டி என்ற அந்த நாய் என் பேத்தியின் பிடிவாதத்தால் வந்தது. வெளிவிறாந்தையோடு நிற்க வேண்டும், சுவாமி அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று நான் விதித்திருந்தேன். ஒரு மழை நாளில் என் மனைவி அந்த விதியைத் திருத்தினார். அதன்பின் கோல்டி ஹோலுக்கு வந்தாள்; ஹோலிலிருந்து மனைவியின் கதிரைக் காலடிக்கு வந்தாள். மகளும் மருமகனும் வேலைக்கும், பேத்தி பள்ளிக்கும், நான் சங்கக் கூட்டங்களுக்கும் போய்விட்டால், பகல் முழுவதும் அந்த வீட்டில் என் மனைவியோடு பேசுவதற்கு இருந்த ஒரே சீவன் அவள்தான். ஊர்ப் புதினம், மரக்கறி விலை, என்னுடைய குறைகள் எல்லாவற்றையும் அவளிடம்தான் சொல்வார். மூன்றாவது விடயத்தின்போது நாய் தலையாட்டியதாக ஒரு கதை உண்டு, நான் பார்க்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்து வெகுகாலம் வாய் திறவாமல் இருந்தவர், நாய் வந்தபின்தான் பழையபடி பேசத் தொடங்கினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்தக் குளிர்காலத்தில் மனைவிக்கு மூச்சிழுப்பு வந்தது. நாயின் உரோமமும் கம்பளத்துத் தூசியும் காரணமாயிருக்கலாம், வீட்டைச் சுத்தமாக வைத்துப் பாருங்கள், முடியாவிட்டால் நாயை வேறிடத்தில் விடுங்கள் என்றார் டொக்டர். ஒரு மாலை தேநீர் வேளையில் மகள் பேச்சை எடுத்தாள்.

“அப்பா, குளிர் முடியிறதுக்குள்ள அம்மாவுக்குச் சுகம் வராட்டிக் கோல்டியைக் குடுத்திடுவம். விண்ட்சர்ல ஒரு ஃபமிலி கேக்கினம். நல்ல பெரிய வளவு.”

மனைவி குனிந்து நாயின் காதைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தார். ஆகவே, புது வாக்யூம் வாங்குவது என்று நான் புறப்பட்டபோது, வெறும் துப்புரவுக்காகப் புறப்படவில்லை. என் மனைவியின் பேச்சுத்துணை அந்த யந்திரம் இழுக்கும் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

“தனியப் போகாதேங்கோ மாஸ்டர். உங்களைக் கண்டால் கடைக்காரன் எதையும் தலையில கட்டுவான். வெள்ளிக்கிழமை வாறன்” என்றார் மேற்றன். நான் அழைக்கவில்லை. அவரை எவரும் எதற்கும் அழைத்ததாக நினைவில்லை.

பரமட்டாவில் ஒரு பெரிய மின்சாதனக் கடை. கழுத்துப்பட்டி கட்டிய இளைஞன் ஒருவன் முகம் மலர எங்களை நோக்கி வந்தான். மேற்றனின் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைக் கண்டதும் மலர்ச்சி பாதியில் நின்றது. அவன் வாய் திறப்பதற்குள் அவர் புட்டுமாப் பையை அவிழ்த்து, காட்சிக்கு விரித்திருந்த கம்பளத்தின் மேல், கோலம் போடுகிற நிதானத்தோடு உரோமத்தைத் தூவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மிதியுங்கோ.”

“நானா?”

“பின்ன ஆர்? மேலால கிடக்கிற முடியைச் சின்னப்பிள்ளையும் பொறுக்கும். நாய் கிழமைக்கணக்காய்ப் படுத்துருண்ட மாதிரி உள்ளுக்குப் போகவேணும். சப்பாத்தைக் கழட்டாதேங்கோ. குதியால நல்லா அரையுங்கோ.”

அவர் சொன்ன சொல்லை ‘முடி’ என்று மாற்றி எழுதியிருக்கிறேன். இதை வெளியிடும் இதழின் மரியாதையும் என் மரியாதையும் கருதி.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன், தெரிந்தவர் எவருமில்லை. மிதித்தேன். இடக்கால், வலக்கால். மிதிக்கத் தொடங்கினால் உடம்பு தானாகவே ஒரு தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தாளம் நன்றாக ஏறிவந்த சமயத்தில், பக்கத்துப் பிரிவில் பாண் வாட்டும் ரோஸ்ரர் பார்க்க வந்த எங்கள் சங்கச் செயலாளர் எட்டிப் பார்த்தார்.

“என்ன சேர்... கடைக்குள்ள காவடியோ?”

மேற்றன் அவரையும் பிடித்துக்கொண்டார். “நல்ல நேரம் வந்தியள். மாஸ்டற்ற பாரம் காணாது. நீங்கள் அங்கால் மூலையில மிதியுங்கோ.” செயலாளர் ரோஸ்ரர்ப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மிதித்தார். தலைவனும் செயலாளரும் சேர்ந்து ஒரு காரியத்தை முரண்பாடின்றி நிறைவேற்றியது எங்கள் சங்க வரலாற்றில் அதுவே முதல் முறை.

பிறகு பரிசோதனை தொடங்கியது. கடுநீல நிறத்தில் பொன்வரி ஓடிய ஒரு யந்திரத்தின் மேல் என் கண் இருந்தது. கம்பீரமான தோற்றம். ஒரு படித்த குடும்பத்தின் ஹோலில் நிற்கத் தகுந்தது.

“மாஸ்டர், மெஷினுக்குப் பொன்னாடை போர்த்தப் போறியளோ, வேலை வாங்கப் போறியளோ?” என்று கேட்டுவிட்டு, மேற்றன் அதன் நெஞ்சில் குழாயை வைத்தார். “இதுக்கு மூச்சிருக்கு, பல்லில்லை. முடி கம்பளத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடக்கும். சும்மா இழுத்தால் வராது. வாயில பிரஷ் சுழலவேணும்.” ஓட்டிக் காட்டினார். பொன்வரி யந்திரம் கர்ச்சித்தபடி கம்பளத்தின் மேல் நடந்தது. நானும் செயலாளரும் பாடுபட்டு மிதித்த உரோமம் அசையாமல் கிடந்தது.

விற்பனை இளைஞன் இன்னொன்றைக் கொண்டுவந்தான். கண்ணாடி போன்ற உருளைக்குள் அழுக்குச் சுழல்வது வெளியே தெரியும். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. “ஓம், வடிவுதான்” என்றார் மேற்றன். “ஆனால் கொட்டேக்க எல்லாம் திரும்பி மூக்குக்குள்ள. இழுப்புக்காரி இருக்கிற வீட்டுக்கு உது சரிவராது. பை வைச்ச மெஷின் வேணும். வாயைக் கட்டி அப்பிடியே எறியலாம். பின்பக்கத்தால போற காத்துக்கு நல்ல பில்டரும் வேணும்.”

கடைசியில் செங்கல் நிறத்தில், முதுகு கூனி, மூக்குப் பெருத்த ஒன்று அகப்பட்டது. உரோமத்தை வேரோடு பிடுங்கியது. ஆயினும் முடிவு சொல்வதற்கு முன் மேற்றன் கைத்தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தார். “இஞ்சாருங்கோ, போனை ராஜாவின்ர காதடியில பிடியுங்கோ.” ராஜா என்பது அவருடைய கொலி. யந்திரத்தை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் தம் தொலைபேசியைப் பிடித்தார். பிறகு விசாரணை: “வால் எங்க நிக்குது? மேலையோ, காலுக்குள்ளையோ? காது?” அதிகம் பேசாதவர் என்று நான் முன்னே சொன்ன அந்தக் கணவர் நாயின் வாலைப் பற்றி மட்டும் விரிவாகப் பேசுவார். நெடுநேரம் கேட்டுவிட்டு மேற்றன் என் பக்கம் திரும்பினார்.

“நாய்க்குப் பயமில்லையாம். கட்டச் சொல்லுங்கோ.”

வீட்டுக்கு வந்த யந்திரத்துக்கு மனைவி சந்தனமும் குங்குமமும் வைத்து, சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்து நசித்துத்தான் உள்ளே விட்டார். முதல் நாளே அது கம்பளத்திலிருந்து இன்னொரு நாய்க்குக் காணுமான உரோமத்தை எடுத்தது. மனைவியின் மூச்சு இலேசானது. மகள் விண்ட்சர்ப் பேச்சை எடுக்கவில்லை. மூக்குப் பெருத்த அந்தச் செங்கல்லைப் பார்த்து நான் இரண்டொரு தடவை புன்னகை செய்ததும் உண்டு.

அந்த நிம்மதி நெடுநாள் நிலைக்கவில்லை. குளிர் முடியும் தறுவாயில் மனைவிக்கு மறுபடி இழுப்பு வந்தது. அதைவிட வியப்பு, யந்திரத்துக்கும் வந்தது. இழுவை குறைந்து, மெல்லிய விசில் ஒன்று போட்டபடி அது கம்பளத்தில் திணறியது. ஓர் அறையில் இவர், மறு அறையில் அது. இருவரும் ஒரே சுருதி. மகள் பொறுத்துப் பார்த்துவிட்டு விண்ட்சருக்கு அழைத்துச் சொன்னாள். சனிக்கிழமை பின்னேரம் வந்து கோல்டியைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அன்று முழுவதும் மனைவி என்னோடும் பேசவில்லை, நாயோடும் பேசவில்லை.

நான் மேற்றனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவரை ஒருவர் வலிந்து அழைத்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். சனிக்கிழமை காலை ஸ்டெதஸ்கோப்போடு வந்து இறங்கினார். நோயாளியைப் பின்வளவுக்குக் கொண்டுவரச் சொன்னார். மகள் உள்ளே கோல்டியின் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் யந்திரத்தைத் தூக்கி வந்து உடுப்புக்கொடியின் அருகே வைத்தேன். மேற்றன் காது வைத்துக் கேட்டார்.

“நெஞ்சில சளி” என்றார்.

பத்திரிகைத் தாளை விரித்து, அதன் மேல் யந்திரத்தின் பையைக் கிழித்துக் கொட்டினார். பொன்னிற உரோமம் வரும் என்று எதிர்பார்த்தோம். வந்தது சாம்பல் நிறத்துக் கட்டி. விரலால் நசித்தார், மாவாய் உதிர்ந்து காற்றில் எழுந்தது. மணந்தும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் நெற்றியை உற்று நோக்கினார்.

“திருநீறு.”

“நான் காலையில் ஒரு தடவை பூசுகிறவன். இவ்வளவு கொட்டுவதற்கு நியாயமில்லை” என்றேன், சற்றுக் கடுமையாகவே.

“நீங்கள் இல்லை மாஸ்டர். கொஞ்சம் பேசாமல் நில்லுங்கோ. கோல்டி, இஞ்ச வா!”

நாய் ஓடி வந்தது. மேற்றன் அதன் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். வெண்புகை எழுந்தது. நாய் தானும் ஒருமுறை உடம்பை உதறியது. திருவிழாவில் தூபம் போட்டதுபோல வளவு மறைந்தது. அந்தப் புகைக்கு அப்பால், குசினி வாசலில் நின்ற என் மனைவி இருமினார்.

எல்லாம் எனக்கு அந்தக் கணத்தில் விளங்கிற்று. கோல்டி இந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்று, நான் கோயிலுக்கும் கூட்டத்துக்கும் போன வேளைகளிலெல்லாம், மனைவி முருகனை வேண்டி அந்த நாய்க்குத் தலைமுதல் வால்வரை திருநீறு பூசி வந்திருக்கிறார். இழுப்புக் கூடக் கூட வேண்டுதல் கூடியது. வேண்டுதல் கூடக் கூடத் திருநீறும் கூடியது. நாய் அதை வீடெங்கும் உதறியது. உதறியதை யந்திரமும் அவரும் பங்கிட்டு உறிஞ்சினார்கள். என்னிடம் அவர் சொல்லாததற்குக் காரணமும் எனக்குத் தெரிந்ததே. சுவாமி அறைப் பக்கமே வரக் கூடாதென்று நான் விதித்த பிராணிக்குச் சுவாமித் திருநீறு பூசுவதாக என்னிடம் எப்படிச் சொல்வார்?

மேற்றன் என் மனைவியைப் பார்த்தார். மனைவி நிலத்தைப் பார்த்தார். கோயில் மண்டபத்தில் என் வீட்டு நாயை உலகறியச் செய்தவர், இப்போது இதை நார்த்மீட் முழுவதும் அறியச் செய்யப் போகிறார் என்று நான் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டேன்.

குரல் உயரத்தான் செய்தது. ஆனால் அது வீட்டுக்குள் இருந்த மகளுக்கு. “பிள்ளை! பில்டர் அடைச்சுப்போச்சு, வேற ஒண்டுமில்லை! நாயில பிழையில்லை, கட்டினதை அவிழ்த்து வை! நான் பொறுப்பு!”

பிறகு வாசலுக்குப் போய், என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படி ஒரு குரல் அவரிடம் இருக்கிறதென்று நான் நினைத்தே பார்த்திராத மெல்லிய குரலில் சொன்னார்: “அக்கா, பூசுறதெண்டால் நெத்தியில ஒரு பொட்டு. முருகனுக்கு அது காணும்.”

கொடியில் காய்ந்த என் வேட்டிகளுக்கு இப்பால் நின்ற நான் எதையும் கேளாதவனாக நின்றேன். மேற்றனும் என்னை அங்கே காணாதவராக நடந்துகொண்டார்.

பின்னேரம் விண்ட்சர்க் குடும்பம் காரில் வந்தது. படலையிலேயே அவர்களை மேற்றன் மறித்து, நாய் கொடுப்பதற்கில்லை என்று தமது ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னார். அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. எந்த வாக்யூம் வாங்கலாம், எதற்குப் பல்லில்லை என்ற முழு விரிவுரையையும் பெற்றுக்கொண்டுதான் போனார்கள்.

மறுநாள் காலை பூசை முடிந்ததும், விபூதித் தட்டத்தை நானே எடுத்துக்கொண்டு வெளிவிறாந்தைக்குப் போனேன். மனைவி கதிரையில் இருந்தார்; கோல்டி காலடியில் கிடந்தாள். அதற்குமேல் இங்கே எழுதத் தேவையில்லை. வசந்தம் பிறந்தபோது இவருக்கு மூச்சுச் சீரானது. என்னுடைய குறைகள் பழையபடி நாயிடம் எடுத்துரைக்கப்பட்டன. அந்தக் குரலை அடுத்த அறையிலிருந்து கேட்கிறபோதெல்லாம் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை நான் மறந்ததில்லை.

இப்படி அவருக்குக் கடன்பட்ட வீடுகள் பல. படகில் வந்து, தற்காலிக விசாவில், ஒரே வாடகை வீட்டில் நெருங்கி வாழ்ந்த இளைஞர்கள் வீடு மாறும்போது, வீட்டைப் பளிச்சென்று ஒப்படைக்காவிட்டால் முன்பணம் திரும்பாது. மேற்றன் தமது யந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அவர்களைத் திட்டித் திட்டி, மூலைமுடுக்கெல்லாம் தாமே உறிஞ்சிக் கொடுப்பார். “நாயுமில்லை, பூனையுமில்லை, எங்கையடா இவ்வளவு முடி?” என்ற அதட்டல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நன்றி சொல்ல யாராவது வாயெடுத்தால் யந்திரத்தைப் போட்டுவிடுவார், ஒன்றும் கேட்காது.

கணவர் காலமானபின், சென்ற ஆண்டு மேற்றன் மகனோடு வாழ மெல்பேணுக்குப் போய்விட்டார். இடையிடையே தொலைபேசி வரும். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். “மாஸ்டர், போனை மெஷினடியில பிடியுங்கோ” என்பார். ஓடவிடுவேன். அங்கே கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார் போலும். பிறகு, “நெஞ்சு கிளியர். அக்காவைப் பேசச் சொல்லுங்கோ” என்பார். அவர் மனைவியின் பேச்சைக் கேட்பதும் மூச்சைக் கேட்பதற்காகத்தான் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது.

கோயிலுக்குப் போகும்போது நான் இன்றும் வெள்ளை வேட்டியும் சால்வையும்தான். புறப்படுமுன் சால்வையில் கோல்டியின் இழை ஒன்று ஒட்டியிருப்பதைக் கண்டால், இப்போதெல்லாம் தட்டிவிடுவதில்லை. அதோடு போய், மண்டபத்தில் சற்றுநேரம் நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு கை அதைப் பற்றி இழுக்காதா என்று.